கட்டைவிரலின் வரைபடம்

கொடையூர் வட்டாரத்து மக்கள் பயமில்லாமல் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் அடுத்த பத்து வருஷத்துக்கு எங்கெங்கே பாதை வேண்டும் என்று கண்டுபிடித்த வரைபடம் ஒரு புதன்கிழமை காலையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. அதன்படி, கொடையூர் மக்கள் கல்யாண மண்டபத்தைத் தவிர வேறு எங்கும் போவதில்லை.

ஊரில் மொத்தம் நான்கு மண்டபங்கள். நான்குக்கும் எல்லாத் திசையிலிருந்தும் அகலமான நடைபாதை, ஒட்டினாற்போல் சைக்கிள் பாதை, ஐம்பது அடிக்கு ஒரு பெஞ்சு, நிழலுக்குப் புங்க மரம். சந்தைக்குப் பாதை இல்லை. ஆஸ்பத்திரிக்கு இல்லை. ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடும் ஷூ கம்பெனிக்கு இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு மட்டும் ஒன்று இருந்தது. அதுவும் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்காக.

நான் லோகநாதன். அந்தத் திட்டப் பிரிவில் உதவிப் பொறியாளர். பதினான்கு வருஷ சர்வீஸ், முப்பத்தெட்டு வயது, கல்யாணமாகவில்லை. ஆகவே அந்த வரைபடத்தில் எனக்கென்று ஒரு அடி பாதைகூட இல்லை என்பதை முதலில் கவனித்தவன் நான்தான்.

எங்கள் செயற்பொறியாளர் ரெஹானா மேடம் மாற்றலாகி வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வரைபடத்தை ஒருமுறை தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதை யார் போட்டது?"

"அடியார் மேடம்."

அடியார் என்பது கணினி. அரசாணையில் அதற்கு ஒன்பது சொல் நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. யாருக்கும் மூச்சு போதாததால் அடியார்.

"அடியாருக்கு எப்படித் தெரியும், யார் எங்க நடக்கறாங்கன்னு?"

"செருப்பு மேடம். ஊருல ஆறாயிரம் பேருக்கு ஆளுக்கொரு ஜோடி கொடுத்திருக்கோம். உள்ளங்கால் அட்டையில ஒரு உணரி வச்சுத் தச்சிருக்கு. பின்னாடி பஸ் ஹாரன் அடிச்சா நமக்கு உறைக்கறதுக்கு முன்னாடியே கால் கட்டைவிரல் மடங்கிடும். சைக்கிள் பெடல் மேல இருந்தாலும் மடங்கும். எவ்வளவு மடங்குதுன்னு அது அளக்கும். லேசான பயம்னா ஒரு மடக்கு. உயிர் போற பயம்னா பத்து மடக்கு. எந்த இடத்துல மடக்கு அதிகமோ அங்க பாதை."

"நல்ல யோசனையாத்தான் இருக்கு. தப்பா வந்திருந்தா நாம திருத்திடலாமே?"

"திருத்தக் கூடாது மேடம். போன திட்டத்துல மனுஷங்கதான் கோடு போட்டாங்க. ஒரு கவுன்சிலர் வீட்டு நாய் காலையில போயிட்டு வர முக்கால் கிலோமீட்டருக்கு டைல்ஸ் பதிச்சாங்க. அதுக்கப்புறம்தான் சட்டம் வந்தது. மனு, கையெழுத்து, கட்சிக்கொடி எதையும் அடியார் ஏத்துக்காது. கால் மட்டும்தான் சாட்சி. நாம கீழ கையெழுத்துப் போடலாம்."

"அப்ப இதுதான் முடிவா?"

"வரைவு. தொண்ணூறு நாள் கணக்குல இன்னும் பதிமூணு நாள் பாக்கி இருக்கு."

மேடம் வரைபடத்தில் பைபாஸ் சாலையைத் தொட்டார். ஊருக்கும் ஷூ கம்பெனிக்கும் நடுவே ஓடுகிற ஆறு வழிச் சாலை அது. அந்த இடத்தில் அடியார் பச்சை அடித்து, தன் வழக்கமான செந்தமிழில் எழுதியிருந்தது: 'இவ்விடத்தில் எவரும் நடப்பதில்லை. எவருக்கும் அச்சமில்லை.'

"நேத்து காலையில ஜீப்புல வந்தேன். சேலை கட்டின கூட்டம் ஒண்ணு அங்க குறுக்க ஓடிச்சு. அவங்க யாரு, பேயா?" என்றார் மேடம்.

மறுநாள் காலை ஏழரைக்குப் பேய்களைப் பார்க்கப் போனேன்.

பைபாஸின் ஊர்ப்பக்கத்தில் இருநூறு பெண்கள் நின்றிருந்தார்கள். அறுபது எழுபது பேர் கையில் சைக்கிள். எல்லாருக்கும் முன்னால் ஒரு பெண் குடையின் நுனியில் சிவப்பு லைனிங் துணியைக் கட்டி, ரயில்வே கார்டு மாதிரி உயர்த்திப் பிடித்திருந்தார். லாரிக் கூட்டத்தில் ஓர் இடைவெளி தெரிந்ததும் "இப்ப" என்றார். அவ்வளவுதான். இருநூறு பேரும் கைகோத்து நடுத்திட்டு வரை ஓடினார்கள். அங்கே மூச்சு வாங்கினார்கள். மறுபடி "இப்ப". நானும் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். பாதியில் என் கோப்பு பறந்தது. நான் கோப்பை விட்டுவிட்டேன் என்பதை அரசாங்கத்திடம் இதுவரை சொல்லவில்லை.

அந்தப் பக்கம் சேர்ந்ததும் குடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு சார் நீங்க? நடுவுல வந்து நிக்கறீங்க? கணக்கு தப்புதில்ல? இருநூத்திப் பன்னெண்டு பேரு கூட்டியாந்தேன், இருநூத்திப் பதிமூணு வருது."

சொன்னேன். அவர் பெயர் செவ்வந்தி. ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் சூப்பர்வைசர்.

"ஓ, பாதை போடறவரா. ரெண்டு வருசம் முன்ன வந்திருக்கணும் நீங்க." பக்கத்தில் கைத்தடியோடு நின்ற பெண்ணைக் காட்டினார். "சகாயமேரி அக்கா. நீங்க நிக்கற எடத்துலதான் வேன் தட்டிச்சு."

"அதை ஏன் அவருகிட்ட சொல்லிகினு கீற," என்றார் சகாயமேரி. "தட்டினதால தான் எனக்கு ஒக்காந்து செக்கிங் பண்ற வேலை கெடச்சுது. நின்னு வேலை செஞ்சு கால் வலிக்குதுன்னு பதினெட்டு வருசம் மனு கொடுத்தேன், கெடைக்கல. வேன்காரன் ஒரே நாள்ல வாங்கிக் கொடுத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். செவ்வந்தி மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய கண் மறுபடி சாலைக்குப் போய்விட்டது. அன்றைக்கு 'இப்ப' என்று சொன்னவரும் அவர்தான் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

நான் கீழே பார்த்தேன். நானூற்று இருபத்து நான்கு கால்களில் ஒன்றில்கூட எங்கள் செருப்பு இல்லை. எல்லாம் தேய்ந்த ரப்பர் செருப்பு, ஊக்கு குத்திய வார்.

"நாங்க கொடுத்த செருப்பு எங்கம்மா?"

"பீரோவுல," என்றது ஒரு குரல்.

"பொட்டியோட," என்றது இன்னொன்று.

"அந்துருண்டை போட்டு வச்சிருக்கேன்," என்றது மூன்றாவது.

செவ்வந்திதான் விளக்கினார். "சார், அந்தச் செருப்புக்கு மேல்தோல் தச்சது நாங்க. அது இன்னா தோலு, இன்னா தையலுன்னு எங்களுக்குத் தெரியும். அந்த மாதிரி ஒண்ணை நாங்க வெளிநாட்டுக்குத்தான் அனுப்பியிருக்கோம், கால்ல மாட்டிப் பாத்ததில்ல. அதைப் போட்டுகினு இந்தச் சேத்துல வரச் சொல்றீங்களா? விசேஷத்துக்குப் போட்டுக்கறோம்."

பன்னிரண்டு வல்லுநர்கள் மூன்று வருஷம் உட்கார்ந்து செய்த திட்டம். உலகத்தில் எந்த மூலையில் எந்தக் கட்டைவிரல் எப்படி மடங்கும் என்று படித்தவர்கள். நல்ல செருப்பைக் கொடையூர்க்காரர்கள் தினப்படிக்குப் போட மாட்டார்கள் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். கொடையூரில் பிறந்தவன். வெட்கத்தோடு என் காலைப் பார்த்தேன். எட்டு மாதம் முந்தி வாங்கிய ரப்பர் செருப்பு. எனக்குக் கொடுத்த ஜோடி, சித்தப்பா மகன் கல்யாணத்துக்காகப் பெட்டியில் இருந்தது.

அன்று சாயங்காலமே கம்பெனி வாசலில் கூட்டம் போட்டுக் கெஞ்சினேன்.

"பன்னெண்டு நாள், பன்னெண்டே நாள் தினமும் போட்டுக்குங்க."

"ரோட்டை நல்லா போடுங்க, போட்டுக்கறோம்," என்றார்கள்.

"நீங்க போட்டாத்தான் ரோடு போட முடியும்."

"ரோடு போட்டாத்தானே நாங்க போட முடியும்."

இப்படி அரை மணி நேரம் போனது. கடைசியில் மனம் இரங்கி, மறுநாள் நான்கு பேர் போட்டு வந்தார்கள். அன்றைக்குப் பார்த்து மழை. நால்வரும் சாலை ஓரத்தில் செருப்பைக் கழற்றிப் பாலித்தீன் பையில் சுற்றி, கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அடியாரின் அறிக்கை: 'பைபாஸ் சாலை மேல் நான்கு ஜோடிப் பாதணிகள் காற்றில் கடந்தன. அச்சம் பதிவாகவில்லை.'

அதற்குப் பிறகு தினமும் காலையில் களஆய்வுக்குப் போனேன். ஆய்வு செய்ய ஒன்றும் மிச்சமில்லை. செவ்வந்தி குடையை உயர்த்துவார், நான் வலப்பக்கம் நின்று கையை நீட்டி லாரிகளைப் பார்ப்பேன். லாரிகள் என்னைப் பார்க்காது. நடுத்திட்டில் மூச்சு வாங்குகிற அரை நிமிஷத்தில் பேசுவோம். அரை நிமிஷப் பேச்சு சேர்ந்து சேர்ந்து, எட்டு நாளில் அவரைப் பற்றி நிறையத் தெரிந்துவிட்டது. இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்தவர். அதற்குள் தனக்கு வயதாகிவிட்டதாக ஊர் முடிவு செய்துவிட்டது, அவரைக் கேட்காமலே. ஒவ்வொரு நாளும் காலையில் எண்ணுவார், சாயங்காலம் எண்ணுவார். வேன் தட்டிய நாளில் எண்ணிக்கை ஒன்று குறைந்ததை அவர் மறக்கவில்லை.

"தூக்கத்துலகூட எண்ணறேன் சார்," என்றார் ஒருநாள். "பாலம் வந்தா குடையைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு, யாரையும் எண்ணாம, கையை வீசிகினு நடந்து போகணும். அவ்ளோதான் ஆசை."

அன்று அலுவலகத்தில் அடியாரிடமே போய்ப் பேசினேன்.

"பயம் நிஜம்தான். செருப்புதான் பொய் சொல்லுது."

'செருப்பு பொய் சொல்லாது. அணியப்படாத செருப்பு எதுவுமே சொல்லாது.'

"சரி, எத்தனை பேர் பயந்தா ஏத்துப்பே?"

'இருநூறு ஜோடிக்கு மேல் ஒரே இடத்தில் அஞ்சினால் ஒரு நாள் போதும். ஆனால் நடக்கச் சொல்லி நடத்தப்படும் நடை செல்லாது. ஏற்பாடு செய்த அலுவலர் பணிநீக்கம் செய்யப்படுவார்.'

இன்னும் நான்கு நாள் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக் கொட்டகையில் மூன்று பேர் யோசித்தோம்.

"விசேஷம்னா தான் போடுவாங்க," என்றார் செவ்வந்தி. "அப்ப இந்தப் பக்கம் ஒரு விசேஷம் வச்சா?"

"அம்மனுக்குக் கூழ் ஊத்தலாமே," என்றேன்.

"கோயில் விசேஷத்துக்குச் செருப்பு போட்டுகினு வருவாங்களா? நீங்க எந்த ஊரு சார்?"

"காதுகுத்து?"

"கொழந்தை யாரு வச்சிருக்காங்க? போன மாசமே எல்லாக் காதும் குத்தி முடிச்சாச்சு."

"பொய்யா ஒண்ணு வச்சா என் வேலை போயிடும். நிஜமான விசேஷமா இருக்கணும்."

சகாயமேரி அதுவரை முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டிருந்தார். சக்கையைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"இந்தக் கொட்டாயில கல்யாணம் ஆகாதவங்க ரெண்டு பேரு ஒக்காந்துகினு கீறாங்க. விசேஷம் எங்கன்னு ஊரெல்லாம் தேடறாங்க."

செவ்வந்தி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் சாம்பாரைப் பார்த்தபடி இருந்தேன். சாம்பாரில் ஒன்றும் இல்லை.

"இன்னா தம்பி, எட்டு நாளா லாரி பாக்கவா வந்தே?" என்றார் சகாயமேரி. "ஞாயித்துக்கெழமை காலையில வீட்டுல தான் இருப்பா. பதினாலாம் நம்பர், காளியம்மன் கோயில் பின்தெரு."

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியைத் திறந்து அந்தச் செருப்பை எடுத்தேன். எனக்கும் அது விசேஷம்தானே. பதினாலாம் நம்பர் வீட்டு வாசலில் மூன்று படி. மூன்றாவது படியில் ஏறி நின்றேன். தெருவில் வண்டி வாகனம் ஒன்றுமில்லை. ஒரு சேவல், அதுவும் தூரத்தில். ஆறு வழிச் சாலையை எட்டு நாள் கடந்தவன் ஒரு கதவைத் தட்ட முடியாமல் நின்றேன். சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். எல்லாமே டெண்டர் அறிவிப்பு மாதிரி வந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்து, கடைசியில் கையை உயர்த்தினேன். தட்டுவதற்கு முன் கதவு திறந்தது.

"வாங்க சார்," என்றார் செவ்வந்தி.

பதினான்கு வருஷம் தரையைப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். அன்று தரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

"ஒரு விஷயமா..."

"தெரியும். ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லுங்க. இது பாதைக்காகவா, எனக்காகவா?"

"பாதைக்காகன்னா சட்டப்படி செல்லாது. வேலை போயிடும். உங்களுக்காக. நாளைக்கே அங்க பாலம் வந்துட்டாலும் நான் அந்த நடுத்திட்டுல வந்து நிப்பேன். அரை நிமிஷம் பேச."

"பாலம் வந்தா நடுத்திட்டுல யாரு சார் நிப்பாங்க?"

"அதனாலதான் வீட்டுக்கே வந்தேன்."

அவர் சிரித்தார். எட்டு நாளில் சாலையைப் பார்க்காமல் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

"சரி," என்றார். "மொதல்ல இந்த சாரை விட்டுடறேன். நான் வெறும் லோகுன்னு கூப்பிடப் போறேன்."

செவ்வாய்க்கிழமை, கணக்கின் கடைசி நாள். காலை ஏழேகால் முதல் எட்டு வரை கம்பெனிச் சாப்பாட்டுக் கொட்டகையில் நிச்சயதார்த்தம். ஷிஃப்ட் தொடங்கும் முன் முடித்துவிட வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். யாரிடமும் செருப்பைப் பற்றி நாங்கள் பேசவில்லை, பேசக் கூடாது. விசேஷம் என்று மட்டும் சொன்னோம். கொடையூரில் அந்த ஒரு சொல் போதும்.

மாப்பிள்ளை என்பதால் என்னை அந்தப் பக்கம் முன்கூட்டியே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். பைபாஸின் எதிர்க்கரையில் அவர்கள் வந்து நின்றார்கள். இருநூற்றுச் சொச்சம் பட்டுச் சேலை. மல்லிகைப் பூ. சைக்கிள் கேரியரில் சீர்த் தட்டு. எல்லார் காலிலும் பளபளவென்று அந்தச் செருப்பு. எல்லாருக்கும் முன்னால் கல்யாணப் பெண், கூறைப்புடவை நிறத்தில் பட்டு, கையில் குடை.

பெண் வீட்டார் எவ்வளவு சொல்லியும் செவ்வந்தி குடையை யாரிடமும் கொடுக்கவில்லையாம்.

"இப்ப."

அவர்கள் ஓடி வருவதை இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. கூடவே ஓடும்போது தெரியாதது நின்று பார்த்தால் தெரிகிறது. ஒரு கன்டெய்னர் லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. இருநூறு பேரும் ஒரே கணம் விறைத்தார்கள். என் கட்டைவிரலும் செருப்புக்குள் சுருண்டது. லாரி போனது. அவர்கள் வந்துவிட்டார்கள். செவ்வந்தி வந்ததும் வராததுமாகத் திரும்பி எண்ண ஆரம்பித்தார். புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்தார். பெண் எண்ணி முடிக்கும்வரை நிச்சயம் தொடங்கவில்லை.

தாம்பூலம் மாற்றி முடித்து வெளியே வந்தால் இன்னொரு சங்கடம். கொட்டகை வாசலில் கழற்றிவிட்ட இருநூற்றுச் சொச்சம் ஜோடியும் ஒரே மாதிரி. எது யாருடையது என்று தேடி, கடைசியில் கைக்கு வந்ததைக் காலில் போட்டுக்கொண்டார்கள். சாயங்காலம் அதே செருப்புகள் வேறு வேறு கால்களில் சாலையைக் கடந்து வீடு திரும்பின. கணக்கு குழம்பிப் போயிருக்கும் என்று பயந்துகொண்டே மறுநாள் அடியாரைத் திறந்தேன்.

'கால்கள் மாறியுள்ளன. அச்சம் மாறவில்லை. ஆகவே அச்சம் கால்களுடையதன்று, சாலையுடையது' என்று எழுதியிருந்தது. கீழே: 'பைபாஸ் சாலை, சராசரி ஒன்பது மடக்கு. சைக்கிள் இறங்கி ஏறச் சரிவுடன் கீழ்ப்பாலம் ஒன்று. முதல் முன்னுரிமை.'

ரெஹானா மேடம் அதை இரண்டு முறை படித்தார்.

"லோகநாதன், சட்டம் இருக்கறதால கேக்கறேன். இது ஏற்பாடா?"

"கொஞ்சம் ஏற்பாடு, மிச்சம் ஆசை மேடம். எல்லாக் கல்யாணமும் அப்படித்தானே."

மேடம் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் பக்கத்தைத் திருப்பியவர், "இது என்ன?" என்றார்.

இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு பதிவு.

'தொண்ணூறு நாட்களில் பதிவான மிக உயர்ந்த தனி அச்சம்: காளியம்மன் கோயில் பின்தெரு, கதவு எண் பதினான்கு, மூன்றாம் படி. ஒன்பதாம் அளவுப் பாதணி. பத்து மடக்கு. பதினொரு நிமிடம். அருகில் வாகனங்கள்: இல்லை.'

என் காது சூடானது. மேடம் வெளியே பார்த்தபடி இருமினார். அடுத்த வரியைப் பார்த்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. மேடம்தான் சத்தமாகப் படித்தார்.

'அதே கதவுக்கு உட்புறம், ஐந்தாம் அளவுப் பாதணி. பத்து மடக்கு. அதே பதினொரு நிமிடம். பரிந்துரை: வாசலின் உள்ளும் புறமும் பிடித்து நிற்கக் கைப்பிடி.'

அன்று சாயங்காலம் நடுத்திட்டில் செவ்வந்தியிடம் கேட்டேன்.

"வீட்டுக்குள்ள யாராவது செருப்பு போட்டுகினு நிப்பாங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. குடையை உயர்த்தி, லாரிக்காகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"விசேஷத்துக்குப் போடறதுதானே," என்றார். "பேசாம வா. இப்ப."